காலை மாத்திரை

“தராசை நகர்த்தினாத்தான் ஆளை உள்ள கொண்டு வர முடியும்” என்றார் வண்டியோட்டி.

முன்னறை சின்னது. அதில் கால்வாசியை அந்தப் பிளாட்பாரம் தராசு பிடித்துக்கொண்டிருந்தது. மூட்டையை ஏற்றி வைக்க ஓர் இரும்பு மேடை, மேடையின் ஓரத்தில் மார்பு உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் சுவர்க்கடிகாரம் போல ஒரு வட்ட முகம், அதில் ஒரே ஒரு முள். அவளும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். தராசு அசைந்து கொடுக்கவில்லை.

“அப்படியே உங்கப்பா” என்றாள் அவள். “எவ்வளவு தள்ளினாலும் நின்ன இடத்துலயே நிக்குது.”

மகள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். “இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இரும்மா.”

அவள் மூடிக்கொண்டாள். அவளுக்கு இது ஒரு வியாதி. எது நடந்தாலும் வாய் முதலில் போய் நின்றுவிடும். மனசு அடுத்த பஸ் பிடித்து மெதுவாக வந்து சேரும். அதற்குள் வாய் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருக்கும்.

வண்டியோட்டியும் கூட வந்தவரும் கைகொடுத்ததும் தராசு கிறீச்சிட்டபடி ஜன்னலோரம் போனது. அது நின்ற இடத்தில் மட்டும் தரை எட்டு மாதத்துக்கு முந்தைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அங்கேயே கட்டிலைப் போட்டு அவள் கணவரின் உடலைக் கிடத்தினார்கள்.

தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். மளிகைக் கடை, பழைய இரும்புக் கடை, தபால் அலுவலகம் என்று எங்கே எந்தத் தராசு பொய் சொன்னாலும் அவர்தான் போய்த் திருத்த வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்தபோது, கடையிலிருந்து இந்தத் தராசை வீட்டுக்கு ஏற்றி வரச் செய்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடைப்பட்ட நாட்களில் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். எத்தனை கிலோ தங்கியிருக்கிறது என்று தினமும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைத் தராசை அவர் நம்பவில்லை. முந்நூறு கிராம் கூடக் காட்டுகிறது என்று நர்ஸிடமே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவளோ குடிநீர் வழங்கும் அலுவலகத்தின் புகார் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். “ஊர் பூரா தண்ணி வரலைன்னு புகாரு. எங்க வீட்ல மட்டும் தண்ணி போகலைன்னு புகாரு” என்று சொல்லி அலுவலகத்தையே சிரிக்க வைத்தாள். எல்லாரும் சிரித்து முடித்ததும் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

பத்தரைக்கு நாத்தனார் வந்தாள். அவருக்கு அக்கா, அவளுக்கு இருபத்தாறு வருடத்து எதிரி. வாசலிலேயே குரலை எடுத்து, தம்பியின் நெற்றியைத் தடவி, மார்பில் அடித்துக்கொண்டு, உட்கார இடம் தேடினாள். அக்கம்பக்கத்து ஆட்களும் கடைத்தெரு ஆட்களும் நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். முட்டிவலிக்காரி தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கண்ணீருக்கு நடுவே கையால் துழாவி, தட்டுப்பட்ட இரும்பு மேடையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

முள் எண்பத்தாறுக்குத் தாவி, திரும்பி வந்து, எண்பத்தொன்றில் நடுங்கி நின்றது.

அவள் பார்த்தாள். எதிர்வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் ஒவ்வொரு முறை மார்பில் அறைந்தபோதும் முள் மூன்று கிலோ துள்ளியது.

“கல்லு மாதிரி இருந்தவனைக் கரைச்சுட்டாளே! இவ ஈரலை வச்ச நாளையிலேர்ந்து தேஞ்சான் என் தம்பி. இவ ஈரலு கொழுப்பெடுத்த ஈரலு. அது உள்ள போயி அவன் கிட்னியைத் தின்னுடுச்சு!”

“ஈரல் கிட்னியைத் திங்காதுக்கா” என்றாள் அவள். “ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவ்வளவுதான்.”

“பாத்தீங்களா? பொணத்தை நடுவுல வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?”

“நீங்க பேசறது மட்டும் என்னவாம்? சரி, உங்க புகாரைப் பதிஞ்சுக்கிட்டேன். வரிசைப்படி கவனிக்கிறோம்.”

அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வாக்கியம். தானாக வந்துவிட்டது. கடைத்தெரு ஆள் ஒருவர் இருமுகிற மாதிரி சிரிப்பை மறைத்தார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நாத்தனார் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. பத்து வருடத்துக்கு முன் அவர் ஈரல் கெட்டு, யாராவது ஒரு துண்டு தந்தால்தான் பிழைப்பார் என்ற நிலை வந்தபோது, கல்யாணத்தில் பார்க்காத பொருத்தத்தையெல்லாம் மருத்துவமனையில் பார்த்தார்கள். அக்காவுக்கு ரத்தம் சேர்ந்தது. சர்க்கரை இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிஞ்சியவள் இவள். பாதிக்கு மேல் ஈரலை வெட்டிக் கொடுத்தாள். பல்லி வால் மாதிரி அது திரும்ப வளர்ந்துவிட்டது. வயிற்றில் ஒரு கோடு மட்டும் நின்றது.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் ஒரு மாத்திரையைக் காட்டி விளக்கினார். “உங்க உடம்பு இவங்க ஈரலை வேத்தாள்னு நினைச்சு வெளிய தள்ளப் பாக்கும். தள்ளாம வச்சுக்கறதுக்குத்தான் இது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆயுசு பூரா.”

“அதாவது டாக்டர், என்னைச் சகிச்சுக்கறதுக்கு மாத்திரை” என்றாள் அவள்.

கணவர் சிரித்தார். தையல் வலிக்க வலிக்க, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஐயோ, பேசாம இரேன்” என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். அன்று முதல் அந்த மாத்திரைக்கு வீட்டில் ‘சகிப்பு மாத்திரை’ என்றே பெயர்.

சிரிப்போடு நின்றிருக்கலாம். நிற்கிற வாயா அது? எந்தச் சண்டை வந்தாலும் அவள் ஈரலில்தான் முடித்தாள். “என் ஈரலை வச்சுக்கிட்டு என்னையே முறைக்கிறீங்களா?” “அவ்வளவு ரோஷம் இருந்தா திருப்பிக் குடுங்க.” மருத்துவமனையில் நடந்தது ஒரே ஓர் அறுவை, அதன் பிறகு வீட்டில் அவள் போட்ட அறுவைகளுக்கு மயக்க மருந்து கிடையாது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். மூன்று வருடத்துக்கு முன் நாத்தனார் மகன் கல்யாணத்தில், நூறு பேர் பந்தியில், நாத்தனார் தம்பியின் இலைக்கு மூன்றாவது இனிப்பை எடுத்து வைத்தாள். இவள் எதிர்வரிசையிலிருந்து உரக்கச் சொன்னாள்: “பாத்துச் சாப்பிடுங்க. வயிறுதான் உங்களது. ஈரல் என்னுது.”

பந்தியே சிரித்தது. பரிமாறியவர் கரண்டியோடு நின்று சிரித்தார். அவர் மட்டும் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு போனார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர் நேற்று மத்தியானம் மூச்சை நிறுத்துகிற வரைக்கும் அவளை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் சளைக்கவில்லை. “உங்க மாத்திரையை இனிமே நீங்களே பாத்துக்குங்க” என்று அட்டைகளைத் தூக்கி அவர் பையில் போட்டாள். அவர் அவற்றைக் கடையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அங்கேயே விழுங்க ஆரம்பித்தார்.

ஒரே வீட்டில் சேதி சொல்லாமல் இருக்க முடியாது. அதற்குச் ‘சில பேர்’ இருந்தார்கள். “சில பேருக்குக் காப்பி ஆறுது” என்று அவள் அலமாரியிடம் சொல்வாள். “சில பேர் கதவைத் தாழ் போடாம தூங்கிட்டாங்க” என்று அவர் காலண்டரிடம் சொல்வார். அலமாரியும் காலண்டரும் நன்றாகக் குடித்தனம் நடத்தின.

நேற்று எல்லாம் முடிந்த பிறகு, மருத்துவமனை நடையில் டாக்டரை நிறுத்தி அவள் கேட்டாள், “எதனால டாக்டர் கிட்னி போச்சு?”

டாக்டர் சின்னப் பெண். களைத்திருந்தாள். “ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஈரல் மாத்தினவங்களுக்குக் கிட்னி கெட நாலஞ்சு வழி இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடியே அவர் கிட்னி கொஞ்சம் சோர்ந்துதான் இருந்துச்சு. அப்புறம் சர்க்கரை வந்துச்சு. பிரஷர். முதுகுவலிக்குன்னு வலி மாத்திரை நிறைய எடுத்துருக்கார். இதுக்கெல்லாம் மேல, ஈரலுக்குன்னு போடற அந்த மாத்திரை. அளவு கூடினா கிட்னியை அரிச்சுடும். அதனாலதான் மாசாமாசம் ரத்தத்துல அளவு பாக்கறோம். இவருக்கு என்ன ஏத்தினாலும் ரத்தத்துல கம்மியாவே காட்டுச்சு. உடம்பு ஈரலைத் தள்ளிடக் கூடாதேன்னு நாங்களும் ஏத்திக்கிட்டே போனோம்.”

“ஈரல் எப்படி இருந்துச்சு?”

“அதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. கடைசி வரைக்கும் அருமையா வேலை செஞ்சுது.”

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவள் காரணங்களைப் பங்கு பிரித்தாள். சர்க்கரை நாத்தனாருக்கு, வாராவாரம் டப்பாவில் இனிப்பு கொண்டுவந்தவள் அவள்தான். வலி மாத்திரை ‘நூறுகிராமு’க்கு, அவரோடு கடையில் வேலை செய்யும் ஒல்லி மனிதர், இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோதெல்லாம் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தவர். மாத்திரையின் அளவு டாக்டர்களுக்கு. ஆபரேஷனுக்கு முன்பே இருந்த சோர்வு விதிக்கு. பிரஷரை மட்டும் மனசாட்சிக்குப் பயந்து தன் பங்குக்கு எடுத்துக்கொண்டாள். அதை ஏற்றிவிட்டது அவள்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஐந்தில் ஒன்றுதான். நேற்று ராத்திரி அவளால் தூங்க முடிந்தது.

அதில் நாத்தனாரின் பங்கைத்தான் இப்போது அவளிடம் எடுத்து நீட்டினாள்.

“ஈரலுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்கக்கா. சர்க்கரைன்னாங்க. டப்பா டப்பாவா யாரு தூக்கிட்டு வந்தா? நானா?”

முள் தொண்ணூறுக்குப் போனது. நாத்தனார் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்ததில் வந்த வினை. “நாக்குல நரம்பில்லாம பேசறாளே! பெத்த தாய்க்குப் பதிலா நின்னு ஊட்டினேன்டி நானு. ஒரு வாய் இனிப்பு விஷமாயிடுச்சா? நீ மூணு வருஷம் பேசாம இருந்தியே, அதுடி விஷம்!”

“அவரு பேசினாரா? பேசாததுக்கும் எனக்கு மட்டும்தான் தண்டனையா?”

“ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா?” மகள் உள் வாசலில் நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள், துடைக்கவில்லை. “நான் இங்க இருந்த வரைக்கும் அவர் மாத்திரை ஒரு வேளை தப்பினது கிடையாது. ஏழு வருஷம். நான் எடுத்துக் கையில வைப்பேன், அப்பா வாயில போட்டுக்குவார். வேலைக்குன்னு நான் வெளியூர் போனேன். உன்கிட்ட ஒரே ஒரு வேலையை விட்டுட்டுப் போனேன்மா. நீ அதைத் தூக்கி அவர் பையில போட்டுட்ட.”

அவளுக்குப் பதில் வந்தது. பதில் எப்போதும் வரும். இந்த முறை அதைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டாள்.

நூறுகிராம் வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். கட்டிலருகே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். பிறகு சமையலறை வாசல் வரை வந்து, துண்டில் சுற்றிய ஒரு மரப்பெட்டியை அவளிடம் நீட்டினார்.

“அண்ணி, இது அண்ணன் பெட்டி. வீட்டுக்குத்தான் சேரணும்னு எடுத்துட்டு வந்தேன்.”

பித்தளை எடைக்கற்கள் வைக்கும் பெட்டி. பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வட்டக் குழிகள். கற்கள் இல்லை. குழிகளில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் அடைத்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவருடைய பொடி எழுத்தில் ஒரு தேதி. அவள் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே ஐந்து வேளைக்கான சகிப்பு மாத்திரைகள்.

“என்ன இது?”

“டெஸ்ட்டுக்கு முன்னாடி போடாம விட்டது அண்ணி. சனி, ஞாயிறு, திங்கக்கிழமை காலை. மாசாமாசம் அப்படித்தான். மருந்தைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு மடிச்சு வச்சுருவாரு.”

“ஏன் விட்டாரு?”

“மாத்திரை போடாமத்தானே டெஸ்ட்டுக்குப் போகணும்?” நூறுகிராம் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “நானும் ஒரு தடவை கேட்டேன், ரெண்டு நாளாண்ணே விடணும்னு. அதுக்கு அண்ணன், ‘தட்டுல தூசி கிடந்தாலே நிறுவை தப்புடா. முள்ளு பூஜ்யத்துக்கு வந்த பெறகுதான் நிறுக்கணும். ரத்தமும் அப்படித்தான்’னாரு. ‘இது என் இஷ்டத்துக்குப் பண்றது இல்லை. வீட்ல சொல்லியிருக்கா’ன்னாரு.”

“யாரு சொன்னது?”

“நீங்கதான் அண்ணி. ‘வீட்ல’ன்னா வேற யாரு?” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “‘என்கூடப் பேச மாட்டா. ஆனா சேதின்னா பிசகாம சொல்லுவா. அவ வேலையே அதுதானே’ன்னாரு. உங்களைப் பத்திப் பெருமையாத்தான் அண்ணி பேசுவாரு. வலி மாத்திரை வாங்கிக் குடுத்த பாவி நான்தான். நீங்க என்னை எதாவது திட்டிருங்க அண்ணி.”

அவள் அவரைத் திட்டவில்லை. பெட்டியை மூடினாள். கொக்கி மாட்ட வரவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். மகள் வெளியூர் போன முதல் வாரம். அதுவரை ரத்தப் பரிசோதனைக் கணக்கெல்லாம் மகளுடையது; அவள் கையில் வைத்ததை விழுங்குவது மட்டும்தான் அவர் வேலை. தொலைபேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேசியது மருத்துவமனை நர்ஸ். “திங்கக்கிழமை ரத்தம் எடுக்கணும்மா. காலை மாத்திரை மட்டும் போடாம வரச் சொல்லுங்க. ரத்தம் குடுத்துட்டு இங்கயே போட்டுக்கலாம்.” சரிங்க, பதிஞ்சுக்கிட்டேன் என்றாள். அவர் முன்னறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்று, அலமாரியைப் பார்த்துச் சொன்னாள்:

“திங்கக்கிழமை ரத்தம் எடுக்கணுமாம். சில பேர் மாத்திரை போடாம போகணுமாம்.”

அவ்வளவுதான். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு நாளைக்கு நூறு பேர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்பவள், வீட்டில் ஒரு வாக்கியத்தில் இரண்டு சொல்லை விட்டாள். எந்த மாத்திரை, எப்போதிலிருந்து என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமானால் அவளிடம் பேச வேண்டும். அவர் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார். அன்று காலை மாத்திரையிலிருந்தே நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் வெறும் ரத்தத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அளவு கம்மியாகத்தான் காட்டும். கம்மியாகக் காட்டினால் டாக்டர் ஏற்றத்தான் செய்வார். ஏற்றியதை அவர் அடுத்த டெஸ்ட்டுக்கு முந்தைய சனிக்கிழமை வரும்வரை மாதம் பூராவும் ஒரு வேளை விடாமல் போட்டார். மறுபடி இரண்டு நாள் பூஜ்யம். மறுபடி கம்மி. மறுபடி ஏற்றம். மூன்று வருடம். “ஒழுங்காப் போடறீங்களா?” என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். “சொன்னபடிதான் போடறேன்” என்பார் அவர். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கும் அவளிடம் டாக்டர் திரும்பினால் அவளும் தலையாட்டுவாள். புருஷனோடு பேச்சில்லை என்று ஊரான் முன்னால் எப்படிச் சொல்வது? ஒரு தடவை, “இவ்வளவு குடுத்தும் ஏறவே மாட்டேங்குதே” என்று டாக்டர் ஆச்சரியப்பட்டபோது, “இவருக்கு எதைச் சொன்னாலும் ஏறாது டாக்டர்” என்றாள். டாக்டர் சிரித்தார். அவள் வாய்க்கு அன்றைக்கும் வெற்றிதான்.

“அம்மா, மணி ஆச்சு” என்று மகள் கூப்பிட்டாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். நாத்தனார் அலறினாள். முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. வண்டியின் படி உயரம். நாத்தனாரின் முட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு பேர் பிடித்து ஏற்றப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து தராசிலேயே உட்கார வைத்தார்கள். மகள் வண்டியிலிருந்து கை நீட்டினாள். “நீ வரலையா?”

“அக்காவைத் தனியா விட முடியாது. நீங்க போங்க.”

மகள் அவளை ஒரு விநாடி உற்றுப் பார்த்தாள். இதுவும் ஏதாவது ஜோக்கா என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். காலி நாற்காலிகள், கசங்கிய விரிப்பு, கட்டிலருகே யாரோ விட்டுப் போன ஒரு கைக்குட்டை. அவள் தேநீர் போட்டுக்கொண்டுவந்து நாத்தனார் பக்கத்தில் வைத்தாள்.

“உன் கையால எனக்கு ஒண்ணும் வேணாம்.”

“சரிக்கா.”

“என்ன சரி? என் தம்பியை முழுங்கிட்டு சரிங்கற. நான் சாகற வரைக்கும் சொல்லுவேன்டி. நீதான் கொன்ன.”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மரப்பெட்டி மடியில் இருந்தது.

“இருக்கும்க்கா.”

நாத்தனார் அடுத்த வசவை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினாள். இருபத்தாறு வருடத்தில் இவள் பதிலுக்குப் பதில் கொடுக்காதது இதுதான் முதல் தடவை. சண்டையில் ஆள் திடீரென்று கீழே விழுந்துவிட்டால் அடித்தவனுக்குத்தான் பயம் வரும்.

“என்னடி ஒரு மாதிரி இருக்க? மடியில என்ன?”

“எடைக்கல்லு.”

“இப்ப அதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழற?”

அவள் அழவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகத்தில் சேதியைத் திருப்பி வாசித்துக் காட்டும் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

“திங்கக்கிழமை ரத்தம் எடுக்கணுமாம். சில பேர் காலை மாத்திரை மட்டும் போடாம போகணுமாம். ரத்தம் குடுத்துட்டுப் போட்டுக்கலாமாம்.”

நாத்தனார் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். “யார்கிட்டடி பேசற?”

அவள் மடியிலிருந்த பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் தேநீரை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்தாள். தராசின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, முகம் கழுவ உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

முள் சரசரவென்று இறங்கி, இரண்டு தடவை ஆடி, நின்றது.

மாதத்தில் இரண்டு நாள் சகிப்பு மாத்திரை இல்லாமலேயே அந்த உடம்பு அவளை உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வருடமும். வெளியே தள்ளவில்லை. இதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய்க்கும் தெரியவில்லை.

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் குழிகளிலிருந்து எடுத்து இரும்பு மேடையின் நடுவில் வைத்தாள். தேதி தெரியும்படி வைத்தாள். கடைசிப் பொட்டலத்தையும் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

பிறகு நிமிர்ந்து, தராசு முகத்தின் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

முள் பூஜ்யத்திலேயே நின்றது.